இடது காதில் ஷகிலாவின் மெஷின்

கவனக்குறைவு என்ற சொல்லை யாராவது என் முன்னால் அலட்சியமாகச் சொன்னால் இன்றும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று என் மகன் சொல்கிறான். அவன் பாங்கில் வேலை செய்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்? நீங்கள் உளவியல் சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒரு மனிதரின் காதில் ஹெட்போனை மாட்டி, அவர் கவனத்தை அளந்து, தாளில் ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். அந்தக் கையெழுத்தை வைத்து வெளியே என்னவெல்லாம் செய்வார்கள் என்று உங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் நான் வேலை பார்த்தேன். எங்கள் சோதனை அறை மாடி மூலையில் இருந்தது. வெளியிலிருந்து சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருந்தோம். வேலூர் வெயிலில் அதற்குள் உட்கார்ந்தால் நோயாளிக்கு முன்னால் எங்களுக்கே மயக்கம் வந்துவிடும். நடுவில் ஒரு ஸ்பூல் டேப்ரெக்கார்டர், அதிலிருந்து ஒரு ஹெட்போன். ஹெட்போனின் இரண்டு பக்கமும் இரண்டு விதமான பேச்சு வரும். வலது காதில் ஓர் ஆண் குரல், "மாடு, விளக்கு, கதவு" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகும். அதே நேரத்தில் இடது காதில் ஒரு பெண் குரல், "சட்டி, மழை, கயிறு" என்று சொல்லும். சோதனைக்கு வந்தவர் ஆண் குரலை மட்டும் கேட்டு, கூடவே வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெண் குரலைக் கண்டுகொள்ளவே கூடாது. அந்தச் சொல் வாயில் வந்துவிட்டால் தப்பு.

அந்தப் பெண் குரல் என்னுடையது. காது கொடுக்கக் கூடாத குரல் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, இந்தச் சோதனையில் தனக்குத்தான் நாட்டிலேயே முதல் மார்க் வரும் என்றார்.

பெரும்பாலும் நெடுஞ்சாலையில் விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கும், வலிப்பு நோய்க்காரர்களுக்கும்தான் இந்தச் சோதனையைச் செய்தோம். வைத்தியத்துக்கு உதவும் என்று செய்தோம். இப்படி ஒரு சோதனை இருப்பது எப்படியோ தொழிற்சாலைகளின் காதுக்கு எட்டியது. ஒரு நாள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து எஸ்தரை அனுப்பி வைத்தார்கள்.

எஸ்தர் அங்கே ஷூவின் மேல்தோலைத் தைக்கிறவள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வலது கையின் ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. தையல் மெஷினின் ஊசி விரலில் இறங்கிவிட்டது. அவளைக் கூட்டி வந்த கம்பெனி குமாஸ்தா வராந்தாவிலேயே என்னை மடக்கினார்.

"இன்னா மேடம், ஜாஸ்தி நேரம் புடிக்குமா? கவனம் கம்மின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நான் அடுத்த பஸ்ஸுல போய்டுவேன்."

"நீங்களே முடிவு பண்ணிட்டு வந்துட்டீங்க. அப்புறம் என்னை எதுக்குப் பேஜார் பண்றீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, தன் வேலையைப் பார்த்தார். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, எஸ்தரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரியின் சான்று வந்துவிட்டால் கேஸ் முடிந்துவிடும் என்று எல்லாவற்றையும் அவரே ஒப்பித்துவிட்டார். எஸ்தர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கவனக்குறைவு என்று பெயர் கெட்டு வெளியே வருகிறவளை அந்த வட்டாரத்தில் வேறு எந்த ஷூ கம்பெனியும் சேர்க்காது. மேனேஜர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். தைப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். அவள் எதிர்காலம் என் டேப்ரெக்கார்டரில் ஓடப்போகிறது என்று அந்த வராந்தாவில் நின்றபோதே எனக்குப் புரிந்தது.

சோதனை நடந்தது. எஸ்தர் தோற்றாள்.

மழுப்பிச் சொல்ல வழியே இல்லாத தோல்வி. "மாடு" என்பாள், "விளக்கு" என்பாள், அடுத்து "கயிறு" என்பாள். என் குரல் அவள் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. காதில் கோளாறோ என்று, செவித்திறனைச் சோதிக்கும் பிரிவுக்கு அனுப்பிப் பார்த்தேன். இரண்டு காதும் நன்றாகவே இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். விதிப்படி நான் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, குமாஸ்தாவை அடுத்த பஸ்ஸில் ஏற்றி விட்டிருக்கலாம்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. கவனம் சிதறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நடுவில் நின்றுவிடுவார்கள், சொற்களைக் கோட்டை விடுவார்கள், கேட்காத ஒன்றைச் சொல்வார்கள், சுவரைப் பார்ப்பார்கள். எஸ்தர் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. அவள் செய்த ஒவ்வொரு தப்பும் இடது காதில் வந்த சொல், அதுவும் தெளிவாக, சரியான நேரத்தில். இத்தனைக்கும் வலது காதால் கேட்கச் சொன்னால் இடது காதுப் பேச்சு உள்ளே நுழைவது பொதுவாகக் குறைவு. கவனம் இல்லாதவள் எப்படி இவ்வளவு கெட்டியாக ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள்?

ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். வேறு சொற்கள் கொண்ட இன்னொரு டேப்பைப் போட்டேன். இப்போது ஆண் குரல் இடது காதில், நான் வலது காதில். "இப்பவும் அந்த ஆம்பளை சொல்றதை மட்டும் சொல்லு" என்றேன்.

குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சொன்னாள். நான் வலது காதில் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தேன், அவள் என்னைச் சட்டையே செய்யவில்லை. பழக்கத்தில் வந்த முன்னேற்றமோ என்று ஹெட்போனை மறுபடி பழையபடி மாட்டினேன். மறுபடியும் நான் அவள் வாயில் வந்துவிட்டேன்.

ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டு, அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எஸ்தர், கம்பெனியில உன் இடது பக்கம் யாரு உக்கார்றாங்க?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஷகிலா, சிஸ்டர்."

மருத்துவமனையில் எல்லாப் பெண்களும் அவர்களுக்கு சிஸ்டர்தான். நான் நர்ஸ் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தேன்.

"ஷகிலா மெஷின் சத்தத்தை நீ கேப்பியா?"

"கேட்டுத்தான் ஆவணும் சிஸ்டர். அவ மெஷினு என் பொறுப்பு."

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. அதற்கு முன்னால் அதை அவளிடம் பொறுமையாகக் கேட்டவர் யாரும் இல்லை.

"ஒவ்வொரு டேபிளுக்குக் கீழயும் மோட்டாரு, பெல்ட்டு. பெல்ட்டுக்கு மூடி கெடையாது, தொறந்து கெடக்குது. சுவிட்சு டேபிளுக்கு வலது ஓரத்துல, கீழ. முன்ன ஒரு பொண்ணு தாவணி பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. இழுத்த இழுப்புல அவளால சுவிட்சை எட்ட முடியல. கத்தினா, அந்த எரைச்சல்ல யாருக்கும் கேக்கல. கழுத்துல காயத்தோட போய்ட்டா, திரும்ப வேலைக்கு வரவே இல்ல. அப்புறம் நாங்களே பேசி வெச்சுக்கிட்டோம் சிஸ்டர். எடது பக்கத்து மெஷினை நீ கேக்கணும். சத்தம் மாறுச்சுன்னா எட்டி அதோட சுவிட்சை அமத்திடணும். நமக்குத்தான் அது கிட்ட. நம்ம மெஷினை நமக்கு வலது பக்கத்துல இருக்கறவ பாத்துக்குவா. வரிசைக் கடைசி மெஷினை நூலு வெட்டற பொண்ணு பாத்துக்கும்."

"உன் வேலை?"

"கண்ணு என் தையல்ல இருக்கும். காதுல ஒண்ணு அங்க இருக்கும்."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"ஷகிலா மெஷினு இழுத்தா மாதிரி சத்தம் வந்துச்சு. துப்பட்டா மாட்டிக்கிச்சு. எட்டி அமத்திட்டேன். என் மெஷினு ஓடிட்டுதான் இருந்துச்சு, ஊசி விரல்ல எறங்கிடுச்சு." கட்டுப்போட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஷகிலா போய்ச் சொன்னா. நீங்க ரெண்டு பேரும் தோஸ்த்து, சேந்து கதை கட்றீங்கன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. பெல்ட்டுக்கு மூடி போடுங்கன்னு நான் ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தேன் சிஸ்டர். அதுதான் அவங்களுக்குக் கோவம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. இதை நான் நாகரிகமாகச் சொல்ல விரும்பவில்லை. தோழியின் கழுத்தைக் காப்பாற்றக் காதைப் பழக்கி வைத்திருக்கிறாள் ஒருத்தி, அந்தக் காதையே சாட்சியாக்கி அவளைத் துரத்த என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள்!

ஒன்றை இங்கே கவனியுங்கள், இல்லாவிட்டால் நான் கதை சொல்லிப் பயனில்லை. அன்று ஷகிலாவின் துப்பட்டா மாட்டியதா இல்லையா என்பதை என் டேப்ரெக்கார்டர் சொல்லாது. கோபத்தில் இருக்கும்போதுதான் நம் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று இன்னும் கறாராக யோசிக்க வேண்டும். அது சொன்னது இவ்வளவுதான்: இவளுக்குக் கவனம் இருக்கிறது, அதில் ஒரு பங்கு இடது பக்கம் இருக்கிறது. அந்த அளவுக்குத்தான் நானும் எழுதினேன். திருப்பி மாட்டிய சோதனையையும் சேர்த்து எழுதினேன்.

அறிக்கையை எங்கள் பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோனேன். பெரிய படிப்பாளி, எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹெட்போனைத் திருப்பி மாட்டச் சொல்லிக் கையேட்டுல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ அதை எடுத்துடுங்க. முதல் எண் மட்டும் போதும். நாம அளக்கறவங்க அம்மா. அளந்து கொடுத்ததை வெச்சு அவங்க என்ன செய்றாங்கங்கறது நம்ம கவலை இல்ல."

"அந்த எண்ணை மட்டும் குடுத்தா அது பொய் சார்."

"எண் எப்படிம்மா பொய்யாகும்?"

"பாதியைச் சொல்லி பாதியை மறைச்சா ஆகும். கையேட்டை எழுதினவரு ஆம்பூர்ல மெஷின் ஓட்டிப் பார்த்தது இல்ல."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற ஆளும் இல்லை. என் அறிக்கையை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, முதல் எண்ணை மட்டும் தானே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். எஸ்தர் தன் பக்கத்துச் சாட்சியாக என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும், "போனீங்கன்னா இந்தப் பிரிவுல உங்களுக்கு இடம் இருக்காது" என்றார். போனேன். இடமும் இல்லாமல்தான் போயிற்று. பிறகு பல காலம் பழைய கோப்புகள் அடுக்கும் அறையில்தான் என் மேஜை கிடந்தது. அதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை. அந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

விசாரணை நாளன்று லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். கம்பெனியில் தையல் கூடம் கீழே, மரப்படியேறிப் போனால் அதன் மேலே அலுவலகம். கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லோர் தலையும் குனிந்திருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நடந்து வந்த எஸ்தர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. டேபிள்களுக்கு அடியில் பெல்ட்டுகள் சேலைகளுக்கும் தாவணிகளுக்கும் ஒரு சாண் தள்ளி ஓடிக்கொண்டிருந்தன. மூடி எதிலும் இல்லை.

மேலே மூன்று பேர். விசாரணை அதிகாரியாகக் கம்பெனி அமர்த்திய வக்கீல், மேனேஜர், சூப்பர்வைசர். தரை வழியாகக் கீழேயிருந்து இரைச்சல் ஏறி வந்துகொண்டிருந்ததால் எல்லோரும் உரக்கவே பேசினார்கள். மேனேஜர் மரியாதையாகவே என்னை உட்காரச் சொன்னார். மதியம் பிரியாணி சொல்லியிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். முதலில் கேள்வியைக் கேளுங்கள் என்றேன்.

வக்கீல் தன் முன்னால் இருந்த தாளைத் தட்டினார்.

"உங்க ஆஸ்பத்திரி அனுப்பின மதிப்பெண் இது. இந்தச் சோதனையை நடத்தினது நீங்கதானே?"

"நான்தான்."

"மதிப்பெண் கம்மியா, இல்லையா?"

"கம்மிதான். ஆனா அது பாதி..."

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கவனிக்க வேண்டியதை விட்டுட்டு வேற எதையோ கவனிச்சா அதுக்குப் பேரு என்ன மேடம்? கவனக்குறைவுதானே? ஆமாவா, இல்லையா?"

"ரெண்டும் இல்ல."

"ஒண்ணைச் சொல்லுங்க."

 ஆமாம் என்றால் எஸ்தர் தொலைந்தாள். இல்லை என்றால், எங்கள் தலைவர் கையெழுத்திட்ட தாளைக் காட்டி என்னைப் பொய்க்காரி என்பார். ஹெட்போனைத் திருப்பி மாட்டியதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அது தன் முன்னால் இருக்கும் தாளில் இல்லை என்று வெட்டிவிட்டார். மேனேஜர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எஸ்தர் கதவோரம் நின்றிருந்தாள், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரத்தில் கீழே சத்தம் நின்றது.

முதலில் ஒரு வரிசை, பிறகு அடுத்தது, பிறகு மொத்தக் கூடமும். எஸ்தரை மேலே கூப்பிட்டு விசாரிக்கும்போது நிறுத்திவிடுவது என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. எஸ்தருக்கே தெரியாது என்றுதான் அவள் பிற்பாடு சொன்னாள்.

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். சூப்பர்வைசர் கதவுக்கு ஓடினார். வக்கீல் கையில் பேனாவோடு தரையையே பார்த்தார். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை, அடுத்த நொடி எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நொடியை விட்டால் வேறு கிடைக்காது.

"சார், உக்காருங்க" என்றேன். இப்போது உரக்கப் பேச வேண்டிய தேவை இல்லாததால் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீங்க என் பதிலைத்தானே கேட்டுட்டு இருந்தீங்க? எதுக்கு எழுந்தீங்க?"

"மெஷின் நின்னுடுச்சு மேடம்!"

"நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சத்தத்தைக் கேக்கச் சொல்லி யாரு சொன்னது?" வக்கீல் பக்கம் திரும்பினேன். "கேள்வி கேட்டது நீங்க. பதிலை மட்டும் கேக்கணும். நீங்களும்தான் தரையைப் பாத்தீங்க. கவனிக்க வேண்டியதை விட்டுட்டு வேற எதையோ கவனிச்சிருக்கீங்க. உங்க மூணு பேருக்கும் கவனக்குறைவுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடட்டுமா?"

மேனேஜர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தக் கூடத்துல எதாவது ஆயிடக் கூடாதேன்னு உங்க காது கீழயே இருந்திருக்கு. அது பொறுப்பு. எஸ்தர் காது ஷகிலாகிட்ட இருந்துச்சு. அதுக்கு மட்டும் வேற பேரா? என் ஹெட்போன்ல அந்தப் பொண்ணு இடது பக்கம் கேட்டுட்டே இருந்தா, வலது பக்கம் கேக்கச் சொன்னப்பகூட. அவளுக்குக் கவனம் இல்லைன்னு சொல்ற ஒரு வரியும் என் சோதனையில கெடையாது. இதை எந்தக் கோர்ட்டுல வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன், எங்க தலைவரு முன்னாலயும் சொல்றேன். எழுதிக்கோங்க."

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கதவைப் பார்த்தார். சூப்பர்வைசர் திரும்பி வந்து, "கரண்டு இருக்குது சார், சும்மா கையைக் கட்டிட்டு உக்காந்துட்டு இருக்காளுங்க" என்றார். வக்கீல் தொழில் தெரிந்தவர். எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதினார், என்னிடம் படித்துக் காட்டினார். பிறகு மேனேஜரிடம், இந்தச் சாட்சியம் பதிவான பிறகு கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு நிற்காது, வாபஸ் வாங்கிவிடுவதுதான் கம்பெனிக்கு நல்லது என்றார்.  மேனேஜர் தாளை வாங்கி, வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உங்களில் யாரோ கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. மெஷின் நிற்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தெரியாது. ரெண்டும் இல்ல என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், என்னைத் தூக்கி வெளியே போடும்வரை. ஆமாவா இல்லையா என்று யாராவது உங்கள் கழுத்தை நெரித்தால் நீங்களும் அப்படியே உட்காருங்கள். ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்கிறவருக்கு எந்த வார்த்தை வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும்.

மேனேஜர் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"சரிம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடு. இப்ப கீழ போய் மெஷினை ஓட்டச் சொல்லு. ஷிப்மெண்ட்டு நிக்குது."

எஸ்தர் நகரவில்லை. கட்டுப்போட்ட விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேசியது அந்த அமைதியில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

"பெல்ட்டை மூடுங்க சார். மூடிட்டீங்கன்னா ரெண்டு காதையும் உங்க வேலைக்கே குடுத்துடறோம்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். கேட்டது எஸ்தர்தான் என்று அவள் பக்கம் கையைக் காட்டினேன். கடைசியில் அவர் ஃபிட்டருக்கு ஆள் அனுப்பினார். ஃபிட்டர் வந்து, கூடத்தில் குனிந்து, முதல் பெல்ட்டுக்கு மூடி போட அளவெடுக்கும்வரை கீழே ஒரு மெஷினும் ஓடவில்லை.